மாற்றலாவதற்குள் ஒரு ஞானஸ்நானம்

கல்பனா அக்கா கேட்டைத் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் நாங்கள் உள்ளே போயிருக்க முடியாது.

மூலக்குளத்தில், வில்லியனூர் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி அவர்கள் வீடு. ஒரு வியாழக்கிழமை, மாலை ஏழு மணி இருக்கும். பக்கத்து வீட்டில் யாரோ கருவாடு வறுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் என் கூட்டாளி பிரசாத்தும் வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப் பட்டை சகிதம் கேட்டுக்கு வெளியே நின்றோம். அக்காவின் கணவர் சேகர் அண்ணன் வேலை முடிந்து ஆறு மணிக்கே வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"நாப்பத்தோரு நாளு தம்பி" என்றார் அக்கா. "நாப்பத்தோரு நாளு அந்த மனுஷன் பிராந்திய தொடல. நேத்து தொட்டாச்சு. இன்னிக்கும் அங்கதான் இருப்பாரு. டீய எதுக்கு தம்பி நிறுத்தச் சொன்னீங்க?"

என்னிடம் பதில் இருந்தது. நாங்கள் படிக்கும் கையேட்டில் பக்க எண்ணோடு இருந்தது. அதை எடுத்துச் சொல்லாமல் நிற்கும் அளவுக்காவது அன்று எனக்குப் புத்தி இருந்தது.

மார்மன் ஊழியக்காரனாகப் புதுச்சேரியில் நான் கழித்த மாதங்களைப் பற்றிச் சில வாரங்களாக இங்கே எழுதி வருகிறேன். குக்கர் வெடித்த கதை, வெள்ளைச் சட்டை ரோஸ் சட்டையான கதை எல்லாம் வந்துவிட்டன. படித்தவர்கள் சிரித்ததாகச் சொன்னார்கள். இந்த வாரம் சிரிக்க அவ்வளவு இல்லை.

நெஞ்சில் அப்பா பெயர்

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு சுருக்கம். நான் இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். பதினேழு வயதில் மார்மன் என்கிற அமெரிக்கக் கிறிஸ்தவச் சபையில் சேர்ந்தேன். அந்தச் சபையில் இளைஞர்கள் இரண்டு வருடம் வீட்டைவிட்டுப் போய் ஊழியம் செய்வது வழக்கம். எங்கே என்று நாம் கேட்க முடியாது. கடிதம் வரும், போக வேண்டும். எனக்கு இந்தியா என்று வந்தது.

ஊழியக்காரனை 'எல்டர்' என்று அழைப்பார்கள். மூத்தவர் என்று பொருள். மீசை ஒழுங்காக முளைக்காத எங்களை மூத்தவர் என்று கூப்பிடுவதில் எங்களைத் தவிர எல்லோருக்கும் வேடிக்கை தெரிந்தது. எல்டரோடு குடும்பப் பெயர் சேர வேண்டும். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரைத்தான் போட்டார்கள். கொழுந்து மூட்டை தூக்கியே காலத்தை ஓட்டிய என் அப்பா, 'எல்டர் ராமையா' என்று என் நெஞ்சில் ஏறி ஊரெல்லாம் சுற்றினார்.

பிரசாத் ஏனாமைச் சேர்ந்தவன். ஏனாம் ஆந்திராவுக்குள் கிடந்தாலும் புதுச்சேரி அரசுக்கு உட்பட்ட ஊர். ஆக எங்கள் இருவரில் புதுச்சேரிக்காரனுக்குத் தமிழ் சரளமாக வராது. தமிழ் வந்தவன் வெளிநாட்டுக்காரன். இதை ஒவ்வொரு வீட்டிலும் விளக்கிச் சொல்வதற்கே முதல் பத்து நிமிடம் போய்விடும்.

காலை ஆறரைக்கு எழுந்திருக்க வேண்டும். கொஞ்சம் உடற்பயிற்சி, ஜெபம், இரண்டு மணி நேரம் வேத வாசிப்பு. பத்து மணிக்கு வெளியே கிளம்பினால் இரவு ஒன்பதுக்குள் அறைக்குத் திரும்ப வேண்டும். கூட்டாளியின் கண்பார்வையைவிட்டு விலகக் கூடாது. குளியலறை மட்டும் விலக்கு. டிவி கிடையாது. திங்கட்கிழமை அரை நாள் துணி துவைக்க, முடி வெட்ட, வீட்டோடு பேச. வீட்டில் ஆண்கள் யாரும் இல்லாமல் ஒரு பெண் தனியாக இருந்தால் வாசலைத் தாண்டக் கூடாது. கேட்டுக்கு வெளியே நாங்கள் நின்ற காரணம் இதுதான்.

கடலில் குளிக்கவும் கூடாது. காலாப்பட்டுப் பக்கம் மீன் பிடிக்கும் குடும்பம் ஒன்று எங்கள் சபையில் இருந்தது. அவர்கள் வீட்டுக்கு முன்னால் ஷூவோடு மணலில் நிற்போம். "கடலாண்ட வந்துட்டு கால நனைக்காம போறதுக்கு நீங்க ரெண்டு பேருதான் பொறந்திருக்கீங்க" என்பார் அந்த வீட்டுக்காரர்.

எங்களுக்கு மாடியை வாடகைக்கு விட்டிருந்தவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'முசியே'. ஆறரைக்கு எங்கள் அலாரம் அடித்தால் கீழே இருந்து அவர் குரல் வரும். "எனக்கும் பட்டாளத்துல இதே டைம்தான் தம்பிங்களா. ஆனா எங்களுக்கு சாப்பாட்டோட வைன் குடுத்தாங்க."

வேண்டாம் என்று சொல்லும் கலை

வைனும் பிராந்தியும் எங்களுக்கு ஒரு தொல்லையே இல்லை. யாரும் வீட்டுக்கு வந்தவுடன் பிராந்தி ஊற்றிக் கொடுப்பதில்லை. தொல்லை டீயில்தான்.

எங்கள் சபையில் மது, புகையிலையோடு காப்பியும் டீயும் விலக்கு. புதுச்சேரியில் ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, டீ வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். முதலில் உபசாரத்துக்குச் சொல்கிறோம் என்று நினைப்பார்கள். இரண்டாவது முறை சொன்னால் பால் வாங்கி வர ஆள் கிளம்பும். மூன்றாவது முறை சொன்னால் முகம் மாறும். ஒரு அம்மா "சுகரா தம்பி, இந்த வயசுலயா?" என்று பிரசாத்திடம் கேட்டார். விளக்கிச் சொல்லச் சோம்பல்பட்டு அவன் ஆமாம் என்று தலையாட்டிவிட்டான். அடுத்த மூன்று வாரமும் அந்த வீட்டில் அவனுக்குப் பாகற்காய்ச் சாறு கிடைத்தது. பொய்க்குத் தண்டனை என்று குடித்தான்.

எனக்கு இதில் தனிக் கதை உண்டு. என் அம்மா கொழுந்து பறிக்கிறவர். விடிந்தும் விடியாததுமாக மலையேறி, அட்டை கடிக்க, முதுகில் கூடையோடு நாள் முழுவதும் நின்று பறித்த இலையில்தான் நான் படித்தேன். பதினேழு வயதில் ஒரு காலை, அம்மா நீட்டிய கோப்பையை வேண்டாம் என்று தள்ளினேன்.

"நான் பறிக்கிறது என்ன வெசமாடா?" என்று கேட்டார் அம்மா.

வேதத்தில் இருந்து ஒரு வசனத்தை எடுத்து நான் பதில் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அம்மா கோப்பையை எடுத்துக்கொண்டு போய்த் தானே குடித்தார்.

மூன்று நாள் தலையை வலித்தது. நான்காம் நாள் சரியாகிவிட்டது. தேயிலை மலையில் பிறந்த நானே மூன்று நாளில் விட்டேனே, மற்றவர்களுக்கு என்ன கேடு என்ற எண்ணம் அப்போதே என் மண்டையில் ஏறிவிட்டது.

ஐந்தரை மணி

இந்தியாவில் நாங்கள் கதவு கதவாகத் தட்டிப் போவதில்லை. யாராவது அழைத்தால்தான் போவோம். சபைக் கூடத்தில் சனிக்கிழமை தோறும் ஆங்கில வகுப்பு எடுப்போம். யார் வேண்டுமானாலும் வரலாம். கல்பனா அக்கா அப்படித்தான் வந்தார், மகளின் பள்ளிக்கூடத்தில் போய் டீச்சரிடம் நாலு வார்த்தை பேசுவதற்காக. நாலைந்து வாரம் வகுப்புக்கு வந்த பிறகு ஒரு நாள் எங்களிடம் வந்து நின்றார்.

"நீங்க குடிக்க மாட்டீங்களாமே. அத எங்க வூட்டுக்காரர்கிட்ட வந்து சொல்றீங்களா?"

சேகர் அண்ணன் புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் வாளி செய்யும் கம்பெனியில் மோல்டிங் மெஷின் ஓட்டுகிறவர். அவருடைய அப்பா மில் தொழிலாளி. மில் மூடியதும் முடங்கியவர். அண்ணன் அதிர்ந்து பேச மாட்டார். குடித்தாலும் அடிதடி இல்லை. வாசலிலேயே விழுந்து தூங்கிவிடுவார், சம்பளத்துக்கும் மானத்துக்கும் சேதாரம் என்று அக்கா சொன்னார். முதல் நாளே அண்ணன் எங்களிடம் ஒளிக்காமல் பேசினார்.

"எனக்கே வேணாம்னுதான் இருக்கு எல்டர். காலைல வேணாம், மதியம் வேணாம். அஞ்சரைக்கு ஷிப்ட் வுடும் பாருங்க, அந்த நேரத்த தாண்டத்தான் தெரியல."

அந்த நேரத்தைத் தாண்ட வழி கண்டுபிடித்தது நாங்கள் அல்ல. அக்காதான். கம்பெனிக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு டீக்கடை, அதைத் தாண்டினால் பிராந்திக்கடை. மொபெட்டை டீக்கடையில் நிறுத்த வேண்டும். ஒரு டீ குடிக்க வேண்டும். குடிக்கும்போது அக்கா போன் செய்வார். கறிக்கு என்ன வாங்குவது, மகள் எத்தனை மார்க் என்று பேச்சு போகும். பேச்சு முடிவதற்குள் இரண்டாவது டீ. அதன் பிறகு மொபெட் நேராக வீட்டுக்கு வந்துவிடும்.

"கைல சூடா ஒரு கிளாஸ் இருக்கணும் எல்டர். அவ்ளோதான்" என்றார் அண்ணன்.

இப்படியே ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் ஓடியது. வாரம் இரண்டு முறை நாங்கள் அவர் வீட்டில் உட்கார்ந்து படித்தோம். அவருக்குக் கேட்கப் பிடித்திருந்தது. ஒரு நாள் அவராகவே, தான் ஞானஸ்நானம் வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். கேட்டபோது அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

ஞானஸ்நானத்துக்கு முன்னால் டீயையும் விட வேண்டும். அது விதி.

"டீ அப்புறம்" என்றான் பிரசாத் அன்று திரும்பி வரும்போது. "முதல்ல பிராந்தி நல்லா போகணும். ஒண்ணு ஒண்ணா." எங்கள் பகுதிக்கெல்லாம் பொறுப்பாக இருந்த பிரசிடென்ட்டும் போனில் அதையேதான் சொன்னார். "ஆறு மாசம் ஆனாலும் ஆகட்டும். நமக்கு ஒரு அவசரமும் இல்லை."

அவசரம் எனக்குத்தான் இருந்தது.

ஆறு வாரம்

ஊழியக்காரர்களுக்கு ஆறு வாரத்துக்கு ஒரு முறை மாற்றல் வரும். சனிக்கிழமை போன் வரும், புதன்கிழமை பெட்டியோடு பஸ் ஏற வேண்டும். சிலர் ஒரே ஊரில் இரண்டு மூன்று சுற்று இருப்பார்கள். நான் புதுச்சேரிக்கு வந்து மூன்று சுற்று முடியப்போகிறது. இந்த முறை தூக்குவார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ஊழியத்தில் அதுவரை ஒன்றரை வருடம் போயிருந்தது. என் கையால் ஒருவரும் ஞானஸ்நானம் பெறவில்லை. மற்ற எல்டர்கள் அனுப்பும் படங்களில் எல்லோரும் வெள்ளை உடையில் நனைந்து சிரித்துக்கொண்டு நிற்பார்கள். நான் 'வாழ்த்துகள்' என்று பதில் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைப்பேன். சேகர் அண்ணனை நான் பார்த்தேன், நான் சொல்லிக் கொடுத்தேன். நான் கோயம்புத்தூரிலோ விசாகப்பட்டினத்திலோ இருக்கும்போது, அடுத்து வருகிறவன் வந்து அவரைத் தண்ணீரில் இறக்குவதா? இதுதான் உண்மையான காரணம். அப்போது யாராவது கேட்டிருந்தால் ஆத்துமாவின் மேல் உள்ள அன்பு என்று சொல்லியிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரசாத் பக்கத்தில் இருக்கும்போதே, அவன் முகத்தைப் பார்க்காமல் அண்ணனிடம் பேசினேன். அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம் வைத்துக்கொள்ளலாம், டீயை இன்றோடு விட்டுவிடுங்கள் என்றேன்.

"டீயுமா?" என்றார்.

"மூணு நாள் தலை வலிக்கும் அண்ணே. அவ்வளவுதான். நான் விட்டேனே."

"ரெண்டையும் ஒண்ணா வுட முடியுமான்னு தெரியல எல்டர்."

"ஆண்டவர்கிட்டச் சொல்லுங்க. அவர் பார்த்துக்குவாரு."

அவர் முழங்காலில் நின்றார். டீயைத் தொட மாட்டேன் என்று சத்தமாகச் சொன்னார். சொல்லும்போது குரல் நடுங்கியது. அதை நான் பக்தி என்று எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை டீக்கடையில் மொபெட் நிற்கவில்லை, வீட்டுக்கு வந்தது. செவ்வாய்க்கிழமையும் வந்தது, தலைவலியோடு. புதன்கிழமை டீக்கடையைத் தாண்டி அடுத்த கடையில் நின்றது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இங்கே ஆத்திரக்காரன் ஒருவன், அடி விழுந்தது இன்னொருவனுக்கு.

வெள்ளைச் சட்டையோடு

இப்போது அந்த வியாழக்கிழமைக்குத் திரும்புகிறேன். அக்கா வாசலில் நிற்க, நானும் பிரசாத்தும் பிராந்திக்கடைக்கு நடந்தோம். நாங்கள் நுழையக் கூடாத இடம். வெள்ளைச் சட்டையையும் டையையும் பார்த்து வாசலில் நின்றவர்கள் வழி விட்டார்கள். "எக்சைஸ்ல இருந்தா சார்?" என்று ஒருவர் பவ்யமாகக் கேட்டார்.

அண்ணன் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"நீங்க இங்கெல்லாம் வரக் கூடாது எல்டர். பேரு பட்டையோட வந்துட்டீங்க."

எங்கள் மானத்தைக் காப்பாற்றுவதற்காகவே உடனே வெளியே வந்தார். மொபெட்டை ஓட்ட முடியாமல் தள்ளிக்கொண்டு நடந்தார். வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் எங்களை வர வேண்டாம் என்று அக்கா செய்தி அனுப்பினார். அந்த இரண்டு நாளும் அவர் குடித்தார்.

சனிக்கிழமை எதிர்பார்த்த போன் வந்தது. எனக்குப் புதன்கிழமை கோயம்புத்தூர். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் நடக்கவில்லை. சபைக் கூடத்துக்கு அக்கா மட்டும் வந்தார். மாற்றல் விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்க போயிடுவீங்க தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "இன்னொருத்தர் வருவாரு. அவரும் நல்ல புள்ளையாத்தான் இருப்பாரு. நாங்க இங்கியேதான இருக்கணும்."

இவ்வளவு வருடத்தில் என்னைப் பற்றி யாரும் இதைவிடச் சரியாகச் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை

மறுநாள் புறப்பாடு. ஐந்து மணிக்கே போய் அந்த டீக்கடையில் நின்றுகொண்டோம். ஐந்தே முக்காலுக்கு மொபெட் வந்தது. எங்களைக் கண்டபின் தாண்டிப் போக அவருக்கு மனம் வரவில்லை. நிறுத்தினார். ஷேவ் செய்யாத முகம், கண் சிவந்திருந்தது. நான் ஒரு டீ சொன்னேன்.

"வேணாம் எல்டர்."

"குடிங்க அண்ணே. நான் சொன்னது தப்பு. டீயை நிறுத்தச் சொன்னது என் தப்பு."

"உங்களுக்கு நான் வாக்கு குடுக்கல. முட்டி போட்டு சாமிகிட்ட குடுத்தேன். அத நீங்க எப்படி திருப்பிக் குடுப்பீங்க?"

"பிராந்தி குடிக்கிறீங்களே?"

"அதுக்கு யாரும் எங்கிட்ட சத்தியம் கேக்கல. வுட்டுட்டேன்னு நெனச்சிட்டீங்க. டீக்குத்தான் கேட்டீங்க. ஒன்பது நாளா ஒரு வாய் டீ குடிக்கல நானு."

அவர் கேலி செய்யவில்லை. குடித்துவிட்டு விழுந்த நாட்களிலும் அந்த வாக்கை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார். என் ஞானஸ்நான ஆசையில் நான் வாங்கிய வாக்கை, என்னைவிட நேர்மையான ஒரு மனிதர் காப்பாற்றிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. கடையில் நாலு பேர் நின்றதால் அடக்கிக்கொண்டேன்.

கிளாஸ் என் கையில் இருந்தது. நான் குடித்தேன்.

நெஞ்சில் பட்டை இருந்தது, அப்பா பெயரும் சபையின் பெயரும் அதில் இருந்தன. மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் வாய். எங்கள் தோட்டத்து ஆலையில் கடைசியாகக் கூட்டி அள்ளுவார்களே, அந்த மாதிரித் தூளில் போட்ட டீ, சர்க்கரை அதிகம். பாதி கிளாஸ் குடித்தேன்.

"இப்ப நானும் வாக்கு தவறினவன்தான் அண்ணே. ஆண்டவர்கிட்டத் தனியாப் போய்க் கணக்குச் சொல்லப் பயமா இருக்கு. நீங்களும் வாங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார், பிறகு பிரசாத்தைப் பார்த்தார். விதிப்படி ஒரு வாய் தண்ணீருக்குக்கூட ஜெபம் செய்கிறவன் அவன். எதிரே போன பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"குடிங்க அண்ணா" என்றான் திரும்பாமல். "நான் பஸ் பாக்கறேன்."

அண்ணன் சிரித்துவிட்டார். இன்னொரு டீ வந்தது. இரண்டு கையாலும் வாங்கி ஊதி ஊதிக் குடித்தார். பாதியில் போன் அடித்தது.

"டீக்கடைலதான் இருக்கேன்" என்றார் போனில். அக்கா நம்பாமல் மறுபடி கேட்டிருக்க வேண்டும். "ஆமா. டீதான் கல்பனா. சொல்லு, இன்னா வாங்கணும்?"

அக்கா கத்திரிக்காய் கேட்டார். இரண்டாவது டீயையும் குடித்துவிட்டு அவர் போனார்.

அறைக்குப் போனதும் பிரசிடென்ட்டை அழைத்து முழுவதையும் சொன்னேன், என் அவசரம் உட்பட.

"அவர் இன்னைக்கு பிராந்தி குடிச்சாரா?" என்று கேட்டார்.

"இல்ல பிரசிடென்ட்."

"மத்ததை நீங்க ஆண்டவர்கிட்ட முழங்கால்ல நின்னு பேசிக்குங்க. காலைல பஸ்ஸை விட்டுடாதீங்க."

பேசினேன். மன்னிப்புக் கிடைத்ததா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. அன்று குடித்தது சரியா என்றும் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை வாக்கு வாங்கியது தவறு என்பது மட்டும் தெரியும். நான் இன்னும் அதே சபையில்தான் இருக்கிறேன். அதற்குப் பிறகு டீ குடித்ததில்லை. என் கையால் யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்காமலே ஊர் திரும்பினேன்.

சேகர் அண்ணன் சபையில் சேரவில்லை. நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அந்த வருடத்தில் இரண்டு முறை மறுபடி விழுந்தார் என்று அக்கா மறைக்காமல் சொன்னார். பிறகு அந்தப் பேச்சு வரவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த அத்தியாயத்தை எழுத அனுமதி வாங்குவதற்காகப் போன வாரம் அக்காவை அழைத்தேன். எழுதுங்க தம்பி, பேரை மட்டும் மாத்திடுங்க என்றார். மாற்றிவிட்டேன். கடைசியில் மனம் கேட்காமல், இப்போது எத்தனை நாள் ஆகிறது என்று கேட்டுவிட்டேன்.

"அதெல்லாம் எண்றதில்ல தம்பி" என்றார் அக்கா. "அஞ்சரை ஆனா வாசல்ல போய் நிப்பேன். அவ்ளோதான். இருங்க, வண்டி சத்தம் கேக்குது." போனைப் பிடித்தபடியே கேட் வரைக்கும் அவர் நடப்பது எனக்குக் கேட்டது. "வந்துட்டாரு."